பிரதட்டைக்கு ஒரு சோடி லென்ஸ்

போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டில் ஒருவரும் கால் அசைக்கவில்லை.

மனைவி குசினி வாசலில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். மகள் குளியலறைப் படியில், தலைக்குத் துவாய் சுற்றியபடி நின்றாள். நான் நடுவீட்டில் நாலு காலில் நின்றேன்.

பாம்பு வந்துவிட்டதா? இல்லை. கள்ளனா? அதுவும் இல்லை. என் வலது கண் காணாமல் போய்விட்டது!

பதறாதீர்கள்... கடவுள் தந்த கண், தந்த இடத்தில்தான் இருந்தது. தொலைந்தது அதற்கு மேல் போடுகிற கொன்டாக்ட் லென்ஸ். சின்ன விரல் நகம் அளவு. நிறம்? தண்ணீர் நிறம். அதைத் தேடிப்பிடிக்க நல்ல கண் வேண்டும். நல்ல கண் வேண்டுமென்றால் அதைப் போட வேண்டும். மற்றக் கண் லென்ஸையோ பழைய கண்ணாடியையோ எடுக்கலாமே என்பீர்கள். இரண்டும் அலுமாரியில். அலுமாரிக்கு நடந்து போனால், போகிற வழியில் லென்ஸை மிதித்துவிடுவேன். இப்படி ஓர் இக்கட்டில் நீங்கள் எப்போதாவது நாலு காலில் நின்றிருக்கிறீர்களா?

“ஒருத்தரும் அசையாதேங்கோ!” என்று கத்தியது நான்தான்.

“அடுப்பிலை பால் கொதிக்குது” என்றாள் மனைவி.

“கொதிக்கட்டும்.”

“நான் ஒற்றைக் காலிலை நிக்கிறனப்பா.”

“தவம் எண்டு நினையும்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்திருப்பாள். எனக்குத்தான் தெரியவில்லையே! பிறகு சாமியறைப் பக்கம் திரும்பிக் கையைக் கூப்புவது மங்கலாகத் தெரிந்தது. ஏதோ முணுமுணுப்பதும் கேட்டது. எனக்காக அம்மாளிடம் கேட்கவும் ஓர் ஆள் இருக்கிறதே என்று மனம் குளிர்ந்தேன்.

மகள்தான் முதலில் கண்டாள்.

“அப்பா... ஒருக்கா நிமிருங்கோ.”

நிமிர்ந்தேன். அவ்வளவுதான். பிள்ளை படியிலேயே குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

“அம்மா, ஓடி வாங்கோ! அப்பாவுக்கு நெற்றிக்கண் திறந்திட்டுது!”

லென்ஸ் என் நெற்றியில், விபூதிக் குறியின் நடுவே, ஈரச் சந்தனப் பொட்டில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது.

அது எப்படி அங்கே போனது? எங்கள் நடுவீட்டுச் சுவரில் முகம் பார்க்கிற கண்ணாடி. அதற்குக் கீழே விபூதியும் சந்தனமும் வைத்த தட்டு. லென்ஸைச் சுட்டுவிரல் நுனியில் ஏந்தி, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோன நேரம் பார்த்து அம்மன் கோயில் மணி அடித்தது. அந்த மணி கேட்டால் என் கை தானாகத் தட்டுக்குப் போகும். தட்டிலிருந்து நெற்றிக்குப் போகும். நாற்பது வருடப் பழக்கம். கைக்கு லென்ஸைப் பழக்கமில்லை. மணியைத்தான் பழக்கம்.

மனைவி தூக்கிய காலை இறக்கினாள்.

“நெற்றிக்கண்ணாலை ஆரையும் எரிக்கிறதுக்கு முந்தி வந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ. வெறும் தேத்தண்ணிதான். பால் எல்லாம் பொங்கி ஊத்துப்பட்டுப் போச்சு.”

‘ஐம்பத்தாறு வயதில் உனக்கு என்னத்துக்கையா லென்ஸ்?’ என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. கேளுங்கள். ஊரே கேட்டுவிட்டது.

பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் கோப்பாயில் வெங்காயம் நடுகிறவன். ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்று இன்றுவரை தெளிவில்லை. ஆனால் அந்த வகுப்பிலேயே என் மூக்கில் கண்ணாடி ஏறிவிட்டது. இப்போது பவர் மைனஸ் எட்டு. கழற்றினால் எனக்கு மனிதரும் மாடும் ஒன்று. இரண்டும் அசையும். மாடு மரியாதையாக ஒதுங்கும். அதுதான் வித்தியாசம். ஊரில் எனக்குப் பெயர் ‘கண்ணாடியர்’. அப்பா அம்மா வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னர் என் மனைவிக்கு வயிற்றில் பெரிய ஒப்பரேஷன். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘பார்ப்பம்’ என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று வைத்தியசாலை வாங்குப் பலகையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் வாசலில் நின்று அம்மாளிடம் சொன்னேன்: ‘தாயே, இவளைத் தந்துவிடு. ஐந்து வருடம் உன் தேருக்குப் பின்னால் பிரதட்டை பண்ணுகிறேன்.’

அம்மாள் தந்தாள். முழுதாகத் தந்தாள். வாயையும் சேர்த்து.

பிரதட்டை என்றால் வெளியூர் வாசகர்களுக்கு விளங்காமல் இருக்கலாம். தேர் வீதி சுற்றும்போது, ஆண்கள் தோய்ந்த வேட்டியோடு நனைந்த மணலில் படுத்து, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, தேருக்குப் பின்னால் உருண்டு உருண்டே கோயிலைச் சுற்றி வருவது. நேரே உருளுவது பெரிய வேலை இல்லை. சங்கடம் நாலு மூலையிலும்தான். மூலையில் தலை நிற்க வேண்டும், கால் சுற்ற வேண்டும். அல்லாவிட்டால் தேர் ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள்.

முதல் மூன்று வருடமும் என் மைத்துனர் பக்கத்தில் நடந்துவந்து வழி சொன்னார். ஒரு குறையும் இல்லை. பிறகு அவர் பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார். போன வருடம், ‘எங்கடை ஊர், எங்கடை கோயில்... எனக்கு வழி தெரியாதோ?’ என்று நான் தனியாகவே படுத்தேன். கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, கண்ணைத் திறந்து பார்த்துப் பார்த்து உருண்டேன். பார்த்ததில் என்ன தெரிந்தது? சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிதாக ஒன்று முன்னால் நின்றது. தேர்ச்சீலைதான் என்று நினைத்துப் பக்தியோடு அதை நோக்கிப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் மேளச் சத்தம் தூரமாகியது. வறுத்த கடலை மணம் வந்தது. தலைக்கு மேலே ஒரு பெண்ணின் குரல் கேட்டது:

“அண்ணை, கச்சான் வேணுமெண்டால் எழும்பி நிண்டு கேளுங்கோவன்.”

நான் உருண்டு போய்ச் சேர்ந்தது தேரடிக்கல்ல. கச்சான் கடைக்கு!

நாலு பேர் தூக்கி என்னைத் திருப்பிவிட்டார்கள். ஆனால் விட்ட இடம் எது, தொட்ட இடம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. வட்டத்தில் ஒரு மூலை நிச்சயமாகக் குறைந்துவிட்டது. ஐயரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். “அம்மாள் பிழை பிடிக்கமாட்டா” என்று சிரித்தார். அம்மாள் பிடிக்கமாட்டாள், சரி. என் மனம் பிடிக்கிறதே! ஒரு மனிசியை முழுதாகக் கேட்டு வாங்கிவிட்டு, வட்டத்தை முக்காலில் கொடுக்கிறதா?

இந்த வருடம் ஐந்தாவது. கடைசி. இதையாவது ஓர் அங்குலம் பிசகாமல் முடிக்க வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் மகள் சொன்னாள்:

“அப்பா, லென்ஸ் போடுங்கோவன். நான் போடுறன்தானே.”

அவள் போடுகிறாளா? இரண்டு வருடமாகப் போடுகிறாளாம்! நானோ, அவள் கண்ணாடியை விட்டதைக் கண்டு, அவள் கண்ணுக்காக வைத்த நேர்த்திக்கடன் பலித்துவிட்டது என்று வெள்ளியில் இரண்டு கண்மலர் வாங்கிச் சாத்திவிட்டு வந்திருக்கிறேன்.

மூன்று பேருமாக யாழ்ப்பாணத்துக்குப் போனோம். கண்ணாடிக் கடை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பிள்ளை என் நாடியை ஒரு மெசினில் வைத்து, மேலே பாருங்கோ, கீழே பாருங்கோ என்று எல்லாத் திசையையும் பார்க்க வைத்தாள்.

“அங்கிள், ஒரு நாள் போட்டிட்டு எறியிறதும் இருக்கு. மாசம் ஒருக்கா மாத்திறதும் இருக்கு. எது வேணும்?”

“எறியிறதோ? கண்ணையோ?”

சாப்பிட்ட வாழையிலையைக்கூட மாட்டுக்கு வைக்காமல் எறியாத குடும்பம் எங்களுடையது. மாதத்துக்கு ஒன்றே போதும் என்றேன். அடுத்ததாக ஓர் அட்டையை நீட்டினாள். நீலம், பச்சை, தேன் நிறம் என்று வரிசையாகக் கண்கள். என் விரல் சும்மா நீலத்துக்குக் கிட்டப் போனது.

“உதுவோ?” என்றாள் மனைவி. “உந்தக் கண்ணோடை கோயிலுக்குப் போனால், வெள்ளைக்காரன் வாறானெண்டு வாசலிலை மறிப்பினம்.”

தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டேன்.

“என்ன தேவைக்கு அங்கிள் போடப்போறியள்?”

“கோயிலுக்குப் பிள்ளை.”

“தாராளமாப் போடலாம்.”

“விழுந்து கும்பிடலாமோ?”

“ஓம் அங்கிள், அதுக்கென்ன.”

உருண்டு கும்பிடலாமோ என்று நான் கேட்கவில்லை. பிள்ளைக்கு முன்னால் வெட்கமாக இருந்தது. தவிர, விழுந்த பிறகு உருளுகிறது என் சொந்த விஷயம் இல்லையா?

பிறகு பராமரிப்புச் சொல்லித் தந்தாள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் தொடக்கூடாது. துடைக்காத ஈரக் கையால் தொடக்கூடாது. கிணற்றுத் தண்ணீர் படக்கூடாது, குழாய்த் தண்ணீரும் படக்கூடாது. போட்டபடி குளிக்கக்கூடாது, படுக்கக்கூடாது. வலதை இடதில் போடக்கூடாது. சிரட்டை மாதிரிக் குழிந்திருந்தால் சரி, தாம்பாளம் மாதிரி விளிம்பு விரிந்தால் உள்பக்கம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். கழற்றியவுடன் சொலுஷன் விட்டு உள்ளங்கையில் தேய்த்துக் கழுவி, பெட்டியின் பழைய சொலுஷனை வெளியே ஊற்றிவிட்டுப் புதிது விட்டு, மூடி வைக்க வேண்டும்.

கேட்கக் கேட்க எனக்கு மரியாதை வந்துவிட்டது. இது லென்ஸா, மூலத்தானமா? இவ்வளவு ஆசாரம் எங்கள் ஐயர்கூடப் பார்க்கிறதில்லை! காலையில் கை சுத்தி, அபிஷேகம் செய்து, எழுந்தருளப் பண்ணி, இராத்திரி புதுத் தீர்த்தம் விட்டுப் பள்ளியறைக்கு அனுப்புவது... எல்லாம் அப்படியே. அதனால் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைச் சாமியறையில் பஞ்சபாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மனைவி தூக்கி அலுமாரியில் வைத்தாள்.

“நாளைக்கு ஆரும் தீர்த்தமெண்டு வாயிலை விட்டால்? உங்கடை கண் அவையின்ரை வயித்துக்கைதான் இருக்கும்.”

என் பவர் கடையில் அதிகம் இருப்பதில்லையாம். பழகிப் பார்க்க ஒரே ஒரு சோடி கிடைத்தது. மிச்சம் கொழும்பிலிருந்து வரவேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் போட்டதைக் கேட்காதீர்கள். விரல் கிட்டப் போனால் கண் நடை சாத்திக்கொள்கிறது. மந்திரம் சொன்னாலும் திறப்பதில்லை. கடைசியில் மனைவி பின்னாலிருந்து இரண்டு விரலால் இமையைப் பிடித்தாள்.

“முழியைப் பிரட்டாதேங்கோ. என்னைப் பாருங்கோ.”

“எதப்பா நீர்?”

முக்கால் மணித்தியாலத்தின் பிறகு இரண்டும் உள்ளே போயின. கண்ணைக் கொட்டினேன். ஆகா! வேப்பிலையில் நரம்பு தெரிகிறது. வாசல் படலையில் துருப்பிடித்தது தெரிகிறது. மனைவியும் தெரிகிறாள். அந்த ஆனந்தத்தில் என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

“நீர் கொஞ்சம் பெருத்திட்டீரோ?”

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் குற்றம் என்னுடையதில்லை. என் கண்ணாடி போலத் தடித்த கண்ணாடி எல்லாவற்றையும் சின்னனாகக் காட்டுமாம். லென்ஸ்தான் உள்ளபடி காட்டுமாம். மகள் பிறகு சொன்னாள். அப்படியென்றால் இருபத்தெட்டு வருடமாக நான் குடும்பம் நடத்தியது ஒரு சின்ன மனைவியோடு!

“இப்பவாவது விளங்குதோ, ஆரோடை இருக்கிறியளெண்டு?” என்றாள் பெரிய மனைவி.

அடுத்த சோதனை, பேப்பர். விரித்தால் எழுத்தெல்லாம் எறும்பு. நானே எழுதிய பத்தியை என்னாலேயே வாசிக்க முடியவில்லை. முன்னர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கோடு பிடித்து வாசிப்பேன். கண்ணுக்குள் இருப்பதை எப்படிக் கழற்றுவது? ‘இந்த வயசுக்கு வாசிக்கத் தனியாக் கண்ணாடி வேணும் அங்கிள்’ என்று கடைப்பிள்ளை அன்றைக்கே சொன்னதாம். எனக்கு நீலக் கண் ஞாபகத்தில் அது காதில் விழவில்லை. ஆகவே, கண்ணாடி வேண்டாம் என்று லென்ஸ் போட்டவன், லென்ஸுக்கு மேல் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

கோயிலிலும் இதே சீர்தான். இல்லாத கண்ணாடியை விரலால் ஏற்றி ஏற்றி மூக்கடி சிவந்துவிட்டது. “எங்கை, கண்ணாடியர் இண்டைக்கு வரேல்லையோ? சுகமில்லையோ?” என்று எங்கள் கோயில் மணியகாரர் என்னிடமே விசாரித்தார். “கொஞ்சம் தடிமனும் காய்ச்சலுமாம்” என்று நானும் சொல்லிவைத்தேன்.

ஒரு நன்மையும் இருந்தது. லென்ஸ் போட்டால் வெங்காயம் உரிக்கும்போது கண்ணீர் வராது. இதை நான் பெருமையாக வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து வீட்டு வெங்காயம் முழுவதும் என் தலையில்.

இப்படியெல்லாம் பழகி, எட்டு நிமிடத்தில் இரண்டு லென்ஸும் போடுகிற அளவுக்குத் தேறி, ஞாயிற்றுக்கிழமை தேர் என்றிருக்கும்போதுதான் வெள்ளிக்கிழமை நெற்றிக்கண் திறந்தது.

கடைக்குப் போன் போட்டேன்.

“பிள்ளை, லென்ஸிலை விபூதி பட்டிட்டுது. சந்தனமும் கொஞ்சம். ஊதிப்போட்டுப் போடலாமோ?”

“ஐயோ அங்கிள், ஊதாதேங்கோ! இனி அது சரிவராது. எறியுங்கோ.”

“விபூதி பட்டதையோ... எறியிறது?”



“அப்ப... கண்ணிலை மட்டும் போடாதேங்கோ. வேறை எங்கையாவது வையுங்கோ.”

“மற்றக் கண்ணிலை மட்டும் போட்டுச் சமாளிக்கலாமோ? ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்குத்தான் பிள்ளை. உருளுறதுக்கு மட்டும்.”

“என்னத்துக்கு?”

இனி மறைத்துப் பயனில்லை. சொன்னேன். போனில் ஒரு கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது.

“மண்ணிலையோ அங்கிள்? நனைஞ்ச மண்ணிலையோ? லென்ஸோடையோ?”

“விழுந்து கும்பிடலாமெண்டு நீங்கள்தானே சொன்னியள்.”

“விழுந்தால் எழும்புவியளெண்டெல்லோ நான் நினைச்சன்!”

பிறகு அவள் பகிடிப் பேச்சை நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். லென்ஸுக்குக் கீழே ஒரு மண் துணிக்கை போனாலும் கறுப்பு விழியில் கீறல் விழுமாம். அழுக்குத் தண்ணீரும் சேர்ந்தால் புண்ணாகிப் பார்வைக்கே ஆபத்தாம். “கண்ணைப் பழுதாக்கினால் பிறகு அம்மாளை எதாலை பார்ப்பியள் அங்கிள்?” என்று கேட்டாள். அது நெஞ்சில் பட்டது. பிள்ளை நல்லாக இருக்க வேண்டும்.

ஆனால் என் நிலைமை? கண்ணாடி போட்டு உருள முடியாது. லென்ஸ் போட்டு உருளக் கூடாது. இரண்டும் இல்லாவிட்டால் கச்சான் கடை!

“நான் பக்கத்திலை வாறன். வழி சொல்லுறன்” என்றாள் மனைவி.

“நீர் வேண்டாம்.”

“ஏனாம்?”

என்ன சொல்வது? உனக்காக வைத்த நேர்த்தியில் உன்னையே வெயிலில் நடக்க வைக்கிறதா என்று ஒரு பாதி மனம். மற்றப் பாதியை ஒளிக்காமல் சொல்கிறேன்... வெட்கம்.

“பெண்சாதி வழி சொல்லி உருளுறானெண்டு ஊர் சிரிக்கும்.”

“போன வருஷம் ஊர் அழுததோ?”



ஞாயிறு. தேர் வெளிக்கிட்டுவிட்டது. கேணியில் தோய்ந்துவிட்டு, ஈர வேட்டியோடு வரிசையில் நின்றேன். பக்கத்தில் இராசர் அண்ணை. மேசன் வேலை. இருபது வருடமாக வருடம் தவறாமல் பிரதட்டை பண்ணுகிறவர். அவருக்கு இரும்புக் கண். அரை மைல் தூரத்தில் மதில் சரிந்தாலும் சொல்லிவிடுவார். அவரிடம் மெல்லக் கேட்டேன்:

“அண்ணை, மூலையிலை என்னத்தை அடையாளம் பார்த்துத் திரும்பிறனியள்?”

“அடையாளமோ? ஆரப்பா கண்ணைத் திறந்துகொண்டு உருளுறது? மண்ணெல்லோ விழும்!”

“அப்ப... எல்லாரும் மூடிக்கொண்டோ?”

“பின்னை?”

வாசகர்களே, எனக்குத் தலை சுற்றியது. உருள முன்னமே! கண்ணாடி இல்லாதபடியால் நான் மட்டும்தான் மூடிக்கொண்டு உருளுகிறேன், மற்றவர்கள் எல்லோரும் வீதியைப் பார்த்துப் பார்த்து வடிவாக உருளுகிறார்கள் என்றுதான் முதல் மூன்று வருடமும் நினைத்திருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்? என் கண்தான் மூடியிருந்ததே!

“அப்ப வழி எப்பிடியண்ணை தெரியும்?”

“உதிலை குடையோடை நிக்கிறா, என்ரை மனிசி. அவ சொல்லுவா, நான் உருளுவன். இருபது வருஷமா உப்பிடித்தான்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: “வீட்டிலையும் உப்பிடித்தான்.”

திரும்பிப் பார்த்தேன். நெடுக ஆட்கள். மனைவி, மகன், மருமகன் என்று உருளுகிற ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஓர் ஆள். படுப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் எடுத்த நேரம், எனக்குப் பக்கத்திலும் ஓர் உருவம் வந்து நின்றது. முகம் தெரியவில்லை. ஆனால் அளவில் ஆள் பிடிபட்டது. பெரிய மனைவிதான்!

“கண்ணாடியைத் தாங்கோ. இடுப்புச் சால்வையை இறுக்குங்கோ. கண்ணை மூடிக்கொண்டு என்ரை சத்தத்துக்கு வாங்கோ.”

படுத்தேன். அரோகரா!

மேளமும் நாதஸ்வரமும் ஒருபக்கம், அரோகரா ஒருபக்கம்... எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய குரல். அந்தக் குரலின் சக்தியைப் பற்றி இந்தப் பத்தியில் பல தடவை குறை சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

“நேரை... நேரை... இராசர் அண்ணை, அவரை இடியாதேங்கோ... இந்தா மூலை வருது... தலை நிக்கட்டும், கால் சுத்தட்டும்... சுத்துங்கோ, இன்னும் சுத்துங்கோ... ஆ, காணும். இனி நேரை...”

இரண்டாவது மூலையில் வறுத்த மணம் மூக்கில் ஏறியது. போச்சு, இந்த முறையும் போச்சு! அந்தக் குரலும் கேட்டது:

“என்னக்கா, அண்ணைக்கு இந்தமுறை கச்சான் வேண்டாமோ?”

“முடிச்சுப்போட்டு எழும்பி நிண்டு வாங்குவார் தங்கச்சி! நீங்கள் கால் சுத்துங்கோப்பா, அங்கை என்ன மணம் பிடிக்கிறியள்?”

மூன்றாவது வீதியில் அவளுக்கு மூச்சு வாங்குவது கேட்டது. வெயில். வெறுங்கால். ஆனாலும் ஒரு ‘நேரை’ குறையவில்லை. முகம் மண்ணுக்குள் இருந்தபோது ஒரு நினைப்பு வந்தது... அன்றைக்கு டொக்டரின் ‘பார்ப்பம்’ வேறு விதமாக முடிந்திருந்தால், இந்தக் குரல் ஏது? எனக்கு அழுகை வந்துவிட்டது. உருளுகிறவன் அழுதால் யாருக்குத் தெரியும்? லென்ஸ் போடாததும் நல்லதுதான். அழுத அழுகைக்கு அது கழன்று தேர்ச்சில்லில் ஒட்டியிருக்கும்.

தோளில் ஒரு கை பட்டது.

“காணும். எழும்புங்கோ. வந்திட்டியள்.”

எழுந்தேன். மண்ணைத் தட்டிவிட்டு, அவளே என் முகத்தில் கண்ணாடியைப் போட்டுவிட்டாள். நேர் முன்னால் தேர். தேரில் அம்மாள். ஓர் அங்குலம் பிசகவில்லை. ஐந்து வருடம். முடித்துவிட்டேன்!

சொன்ன சொல் காப்பாற்ற வேண்டும் அல்லவா? எழும்பி நின்று கச்சான் வாங்கினேன். இருவரும் வேப்பமர நிழலில் இருந்தோம். நான் பெரிய மூச்சு விட்டேன்.

“அப்பாடா... நேர்த்தி முடிஞ்சுது.”

மனைவி ஒரு கச்சானை உடைத்தாள். வாயில் போடவில்லை.

“முடியேல்லையப்பா.”

“என்ன முடியேல்லை?”

“வெள்ளிக்கிழமை நீங்கள் நாலு காலிலை நிண்டு தேடேக்கை... நான் அம்மாளிட்டை ஒண்டு நேர்ந்தனான்.”

“என்னெண்டு?”

“துலைஞ்சது கிடைச்சால், நீங்கள் இன்னும் மூண்டு வருஷம் பிரதட்டை பண்ணுவியளெண்டு.”

கையிலிருந்த கச்சானைக் கீழே வைத்தேன்.

“நேர்ந்தது நீர். உருளுறது நானோ?”

“பொம்பிளையள் பிரதட்டை பண்ணுறேல்லையே.”

“அந்த லென்ஸைக் கண்ணிலை போடவே ஏலாமல் போச்சப்பா!”

“கிடைச்சால் எண்டுதான் நேர்ந்தனான். போடலாமெண்டு நேரேல்லை.”

வழக்கறிஞர் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள்.

“சரி... அதுக்கேன் மூண்டு வருஷம்? ஒரு வருஷம் காணாதோ?”

“ஒற்றைக் காலிலை நிண்டனான். கால் உளைஞ்ச உளைவிலை வந்திட்டுது.”

“அப்ப மூண்டு வருஷமும் நீர்தான் பக்கத்திலை வர வேணும்.”

“பின்னை? கச்சான்காரியை நம்பியோ உங்களை விடுறது?”

மூன்று வருடம் கூட வருவேன் என்று அவளே தன் வாயால் சொல்லிவிட்டாள், தேரடியில் இருந்துகொண்டு. அம்மாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். நான் வேறென்ன கேட்பது?

விபூதி பட்ட லென்ஸ் இப்போது சாமியறையில் ஒரு குங்குமச் சிமிழுக்குள் இருக்கிறது. கொழும்பிலிருந்து மிச்சம் வந்ததும் கலியாண வீடுகளுக்குப் போடலாம் என்றிருக்கிறேன். கை கழுவி, துடைத்து, முக்கியமாகக் கோயில் மணி அடிக்காத நேரம் பார்த்து.

ஒற்றைக் காலில் நிற்கிற தாய்மார்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: நேர்த்தி வையுங்கள், தாராளமாக வையுங்கள்... ஆனால் அம்மாளிடம் சொல்வதற்கு முன்னர், உருளப்போகிறவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்!